போனே சாவி: அலுவலகக் கதவில் 'டேப்' செய்வதற்கு முன்

வீட்டுச் சாவியை மறந்துவிட்டுக் கிளம்புபவர்கள் உண்டு. போனை மறந்துவிட்டுக் கிளம்புபவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்த ஒரு பழக்கத்தை நம்பித்தான் அலுவலகக் கட்டடங்களின் கதவுகள் மாறிக்கொண்டிருக்கின்றன. கழுத்தில் தொங்கும் ஐடி கார்டைக் காட்டிய இடத்தில் இப்போது போனைக் காட்டுகிறார்கள். 'டிக்' என்று ஒரு சத்தம், கதவு விடுபடுகிறது.

தரமணியில் டைடல் பார்க் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, இப்படி அட்டை கேட்கும் கதவுகள் பெரும்பாலும் சென்னைவாசிகள் பார்க்கிற விஷயம். இன்று விழுப்புரம், தஞ்சாவூர், சேலம் என்று மினி டைடல் பூங்காக்கள் வந்துவிட்டன. சொந்த ஊரிலேயே முதல் வேலைக்குச் சேருகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள். நீங்களும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். அல்லது பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தை நடத்துபவராகவோ, ஒரு வணிக வளாகத்தின் பராமரிப்பைக் கவனிப்பவராகவோ இருக்கலாம். யாராக இருந்தாலும் சரி, "ஆப் இறக்கிக்கோங்க, கதவு திறந்துக்கும்" என்று சொல்பவரிடம் கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கேள்விகள் புரிய, முதலில் கதவு எப்படித் திறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கதவைத் திறப்பது போன் அல்ல

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் உண்மை இதுதான். போன் செய்வது ஒரே வேலை: "நான் இன்னார்" என்று நிரூபிப்பது. திறக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது வேறொரு பெட்டி.

கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அது ரீடர். நீங்கள் போனைக் காட்டியதும் ரீடர் அந்தத் தகவலை உள்ளே, பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்கிலோ சர்வர் அறையிலோ இருக்கும் கன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு அனுப்புகிறது. யாருக்கு எந்தக் கதவு, எந்த நேரம் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. பட்டியலில் நீங்கள் இருந்தால் அது பூட்டுக்குக் கட்டளை கொடுக்கிறது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

போனும் ரீடரும் பேசிக்கொள்ள இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று என்.எஃப்.சி. கடையில் போனைத் தொட்டுப் பணம் கட்டுகிறோமே, அதே நுட்பம். 13.56 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நெருக்கத்தில்தான் வேலை செய்யும். இன்னொன்று புளூடூத். சில மீட்டர் தூரத்திலிருந்தே பேசும். அதனால்தான் சில அலுவலகங்களில் போனைப் பையிலிருந்து எடுக்காமலேயே கதவு திறக்கிறது.

எடுக்காமலேயே திறப்பது வசதிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: நீங்கள் கதவைத் தாண்டி உள்ளே காபி எடுக்கப் போகிறீர்கள், வெளியே நிற்கும் யாருக்கோ கதவு விடுபடுகிறது. தூரத்தைச் சரியாக அமைக்காவிட்டால் இது நடக்கும். தவிர, 2022-ஆம் ஆண்டு என்.சி.சி. குழுமம் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், புளூடூத் சமிக்ஞையை நடுவில் இரண்டு கருவிகள் வைத்துக் கடத்தி, சாவியான போன் தொலைவில் இருக்கும்போதே டெஸ்லா காரையும் சில வீட்டுப் பூட்டுகளையும் திறக்க முடியும் என்று காட்டியது. எனவே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்கள் கையில் இருந்தால், போனை ரீடரில் தொட வைக்கும் முறையையே கேளுங்கள். ஒரு நொடி கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

பார்வையாளர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் வரும் க்யூ.ஆர். பாஸ் தனி வகை. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பதால், குறிப்பிட்ட நேரத்தில் காலாவதியாகிற மாதிரி இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

அட்டையில் என்ன குறை?

நல்ல கேள்வி. அட்டை நன்றாகத்தானே வேலை செய்கிறது?

பழைய வகை அட்டைகள் 125 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவை. ரீடர் அருகே கொண்டுபோனதும் தன் எண்ணை அப்படியே ஒப்பிக்கும். யார் கேட்கிறார்கள் என்று பார்க்காது. மலிவான நகல் கருவியைக் காட்டினாலும் ஒப்பிக்கும். ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கியில் ரகசியம் சொல்வது மாதிரி.

அடுத்து வந்தது மைஃபேர் கிளாசிக் என்ற வகை. 1994-ல் அறிமுகமாகி உலகம் முழுக்கப் பரவியது. அதன் ரகசியக் குறியீட்டு முறையை 2008-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். அட்டைக்கான சிப்பைத் தயாரித்த நிறுவனம் ஆய்வு வெளியாகாமல் தடுக்க நீதிமன்றம் போனது. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. கதை அதோடு முடியவில்லை. அதே வகை அட்டைகளைப் பயன்படுத்திய ஒரு ஹோட்டல் பூட்டு வகையில் இருந்த ஓட்டையை 2024 மார்ச்சில் ஆய்வாளர்கள் வெளியிட்டபோது, பாதிக்கப்படக்கூடிய கதவுகள் 131 நாடுகளில் 30 லட்சத்துக்கும் மேல் என்றார்கள். 16 ஆண்டுகளுக்கு முன்பே பலவீனம் தெரிந்த அட்டை! கதவில் ஒருமுறை மாட்டியதை யாரும் லேசில் மாற்றுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

போனில் இருக்கும் சாவி ஒப்பிப்பதில்லை. ரீடர் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய எண்ணைக் கொடுக்கும். போன் தன்னிடமுள்ள ரகசியத்தை வைத்து அந்த எண்ணுக்கு ஒரு விடை கணக்கிட்டுச் சொல்லும். ரகசியம் போனை விட்டு வெளியே வராது. ஒட்டுக்கேட்டவருக்குக் கிடைப்பது அந்த ஒரு விடை மட்டும். அடுத்த முறை கேள்வியே வேறு. (புதிய தலைமுறை அட்டைகளும் இப்படித்தான் செய்கின்றன. ஆகவே 'அட்டை என்றாலே மோசம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.)

போனுக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. அட்டையை இரவல் கொடுப்போம். போனை இரவல் கொடுக்க மாட்டோம். அட்டை தொலைந்தது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும். போன் தொலைந்தது இரண்டு நிமிடத்தில் தெரியும்.

சார்ஜ் தீர்ந்தால், நெட் போனால்

இரவு ஷிஃப்ட்டுக்கு வருகிறீர்கள். பஸ்ஸில் பாட்டுக் கேட்டதில் போன் அணைந்துவிட்டது. என்ன ஆகும்?

அது போனைப் பொறுத்தது. ஐபோனில் வாலட்டில் சேர்த்த சாவி என்றால், எக்ஸ்.எஸ். மாடலிலிருந்து மேற்பட்ட போன்களில், சார்ஜ் தீர்ந்து திரை அணைந்த பிறகும் ஐந்து மணி நேரம் வரை வேலை செய்யும் வசதி உண்டு. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் சார்ஜ் முழுதும் தீர்ந்தால் சாவியும் இல்லை. தனி ஆப் வழியாக இயங்கும் சாவி என்றால் எந்தப் போனாக இருந்தாலும் இல்லை. ஆகவே 'போன் வேலை செய்யாவிட்டால் நான் யாரை அழைப்பது?' என்பதற்கு, எந்த நேரத்திலும் பதில் சொல்லும் ஒரு மனிதர் இருக்க வேண்டும். அது வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனாக இருந்தால் அவருக்கு உங்களை உள்ளே விடும் அதிகாரமும் வேண்டும். பல இடங்களில் அவருக்குப் பொறுப்பு மட்டும் இருக்கும், அதிகாரம் இருக்காது.

இணையம் போனால்? நன்றாக அமைத்த கட்டடத்தில் ஒண்ணும் ஆகாது. அனுமதிப் பட்டியலின் நகல் கன்ட்ரோலரிலேயே இருப்பதால் அது தானே முடிவெடுக்கும். எல்லா முடிவையும் தொலைவிலுள்ள சர்வரிடம் கேட்கும்படி அமைத்தால்தான் சிக்கல். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்ஆப் எல்லாம் ஆறு மணி நேரம் போல முடங்கியது நினைவிருக்கிறதா? அன்றைக்கு அந்த நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்கே அடையாள அட்டை கதவைத் திறக்கவில்லை என்று செய்திகள் வந்தன. உலகுக்கே நெட்வொர்க் கட்டித் தருகிறவர்களின் கதி அது. உங்கள் வளாகத்துக்குப் பூட்டு போட வருபவரிடம், "நெட் கேபிளைக் கழற்றிட்டு ஒரு தடவை திறந்து காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை.

வெளியே போகச் சாவி கேட்கக் கூடாது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள்.

நம் ஊர் அலுவலகங்களில் கண்ணாடிக் கதவின் மேல் நீளமாக ஒரு உலோகப் பட்டை இருக்கும், பார்த்திருப்பீர்கள். இ.எம். லாக் என்பார்கள். அது மின்காந்தம். பரவலாகப் பயன்படும் சிறிய வகையே சுமார் 270 கிலோ இழுவிசையைத் தாங்கும். தனி ஆள் இழுத்துத் திறக்க முடியாது. ஆனால் மின்சாரம் போன கணமே அது வெறும் இரும்பு, கதவு விடுபட்டுவிடும். உயிர்ப் பாதுகாப்புக்கு இது நல்ல குணம். பொருள் பாதுகாப்புக்கு மோசமான குணம். அதனால் யு.பி.எஸ். பேட்டரி வைக்கிறார்கள். அங்கேதான் கவனம் வேண்டும்: தீ விபத்தில் கட்டடத்தின் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பேட்டரி அந்தப் பூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் தீப் பாதுகாப்புப் பகுதி இதில் தெளிவாக இருக்கிறது. வெளியேறும் வழியிலுள்ள கதவு, உள்ளிருப்பவர் சாவி இல்லாமல் திறக்கும்படி இருக்க வேண்டும். போனும் ஒரு சாவிதான். உள்ளிருந்து வெளியேறவும் போனைக் காட்டச் சொல்லும் கதவு அவசர வழியில் இருந்தால், அது கேள்வி கேட்கப்பட வேண்டிய கதவு.

'வருகைப் பதிவு சரியாக வர வேண்டும், அதனால்தான் வெளியே போகும்போதும் டேப்' என்று காரணம் சொல்வார்கள். பதிவு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் டேப் செய்யாவிட்டாலும் கதவு திறக்க வேண்டும். அதற்கு நடைமுறையில் மூன்று ஏற்பாடுகள் தேவை. தீ எச்சரிக்கை மணி அடித்ததும் வழியிலுள்ள பூட்டுகள் தானாக விடுபட வேண்டும். கதவருகே உள்ளே ஒரு எக்சிட் பட்டன் வேண்டும். அது கன்ட்ரோலரிடம் அனுமதி கேட்கும் பட்டனாக இல்லாமல், பூட்டுக்குப் போகும் மின்சாரத்தையே நேரடியாக வெட்டுவதாக இருக்க வேண்டும். கன்ட்ரோலர் செயலிழந்தாலும் பட்டன் வேலை செய்ய வேண்டும் இல்லையா? அதோடு, அழுத்தி உடைக்கும் பச்சைநிற அவசரப் பெட்டி ஒன்று. இவை இருக்கின்றனவா என்று பார்க்க நீங்கள் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. நாளை அலுவலகம் போனதும் உங்கள் தளத்தில் பச்சைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். அதன் முன்னால் தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருந்தால், நகர்த்தச் சொல்லுங்கள்.

தீ ஒத்திகை நடக்கும்போது யாரிடமாவது, "இப்போ பேட்டரியில் ஓடும்போது பூட்டு விடுதா?" என்று கேளுங்கள். ஒத்திகையில் பெரும்பாலும் எல்லாரும் ஏற்கெனவே திறந்து வைத்த கதவு வழியாகத்தான் இறங்குவார்கள். பூட்டைச் சோதிக்காத ஒத்திகை பாதி ஒத்திகை.

இன்னொரு விஷயம், நம் நல்ல பண்பு சம்பந்தப்பட்டது. பின்னால் ஒருவர் டிபன் கேரியரும் லேப்டாப்புமாக வந்தால் கதவைப் பிடித்துக்கொள்வோம். தப்பில்லை. ஆனால் அவர் டேப் செய்யாமலே உள்ளே வந்துவிட்டார். ஆபத்து நேரத்தில் யார் உள்ளே மாட்டியிருக்கலாம் என்று பதிவைப் பார்த்துக் கணக்கெடுத்தால் அவர் பெயர் இருக்காது. கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள், "ஒரு தடவை டேப் பண்ணிடுங்க" என்றும் சொல்லுங்கள்.

ஸ்மார்ட்போன் இல்லாதவர் எங்கே நிற்பார்?

புதிய முறை வரும்போது விளம்பரப் படத்தில் எப்போதும் லேப்டாப் பை மாட்டிய இளைஞர்தான் கதவைத் திறப்பார். ஆனால் அலுவலகத்துக்கு முதலில் வருபவர் அவர் அல்ல. காலை ஆறரை மணிக்கு ஹவுஸ்கீப்பிங் அக்கா வருகிறார். அவரிடம் பட்டன் போன் இருக்கலாம். அல்லது வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் மகளின் படிப்புக்காக வீட்டிலேயே இருக்கலாம். ஏ.சி. பழுதுபார்க்க வருபவர், கேன்டீன்காரர், தண்ணீர் கேன் போடும் தம்பி எல்லாரும் ஒப்பந்த முறையில் வருபவர்கள். அவர்களுக்கு அலுவலக மின்னஞ்சலே இருக்காது. மின்னஞ்சல் இல்லாமல் ஆப்பில் பதிவு செய்ய முடியாத முறைகள் இருக்கின்றன.

அப்போது என்ன நடக்கும்? யாராவது ஒருவர் வரும்வரை அவர்கள் படியில் உட்கார்ந்திருப்பார்கள். அல்லது பின்பக்கக் கதவில் ஒரு செங்கல்லை வைத்துத் திறந்தே விடுவார்கள். லட்சங்கள் செலவழித்த பாதுகாப்பு ஒரு செங்கல்லில் முடிந்தது! அவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலை நடக்க வேண்டுமே.

இதில் என் கருத்து வெளிப்படையானது. போன் சாவி கொண்டுவரும் எந்த இடத்திலும், அதே கதவைத் திறக்கும் நல்ல அட்டையும் கேட்டவருக்குக் கிடைக்க வேண்டும். தொழில்நுட்ப ரீதியாக இதில் தடை இல்லை. இப்போது விற்கும் ரீடர்களில் பல அட்டை, போன் இரண்டையும் படிக்கின்றன. சொந்தப் போனில் அலுவலக ஆப் வேண்டாம் என்று நினைப்பவருக்கும் அந்த அட்டை உதவும். அட்டை கேட்டதற்காக யாரையும் பழைய காலத்து ஆள் என்று பார்க்க வேண்டியதில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையில் பட்டனைத் தேடுவதைவிட அட்டையைத் தொடுவது எளிதாக இருக்கலாம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு ரீடர் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

ஆப் என்ன கேட்கிறது, பதிவேடு என்ன சொல்கிறது

ஆப்பை நிறுவியதும் அனுமதிகள் கேட்கும். ஆண்ட்ராய்டு 11 வரை புளூடூத் கருவிகளைத் தேட இருப்பிட அனுமதி தேவைப்பட்டது, அதனால் கேட்டார்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. புதிய போனிலும் ஆப் எப்போதும் இருப்பிடம் வேண்டும் என்று கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். தொடர்பு எண்கள், புகைப்படங்கள், மைக் ஆகியவற்றுக்கும் கதவுக்கும் சம்பந்தமே இல்லை. மறுத்துவிடலாம்.

ஒவ்வொரு டேப்பும் பதிவாகிறது: எந்தக் கதவு, எத்தனை மணி, எந்தச் சாவி. கவனியுங்கள், எந்தச் சாவி என்பதுதான் பதிவாகிறது. எந்த மனிதர் என்பது அல்ல. பின்னால் நுழைந்த அன்று நீங்கள் வரவே இல்லை என்று அது சொல்லும். அந்தப் பதிவை அப்படியே சம்பளக் கணக்கில் சேர்க்கும் இடங்களில், ஒரு டேப் விட்டுப்போனால் அரை நாள் சம்பளம் போகும். ரீடர் வேலை செய்யாத அன்று அப்போதே அட்மினுக்கு ஒரு மெயிலோ மெசேஜோ அனுப்பி வையுங்கள். மாதக் கடைசியில் வாய்ச்சொல்லை விட அது பேசும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. வேலை தொடர்பான தேவைகளுக்கு ஊழியரின் தரவைப் பயன்படுத்த இச்சட்டம் இடம் தருகிறது. அதைப் பாதுகாப்பாக வைக்கும் பொறுப்பையும் நிறுவனத்தின் மேலேயே வைக்கிறது. பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எனவே 'இந்தப் பதிவு எத்தனை மாதம் இருக்கும், யார் பார்ப்பார்கள்?' என்று எச்.ஆரிடம் கேட்பது வம்பு அல்ல.

போன் தொலைந்தால்

பலரும் முதலில் சிம்மை நிறுத்துகிறார்கள். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலுடன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் ஐ.எம்.இ.ஐ. எண்ணை முடக்கக் கோருகிறார்கள். இவை எல்லாம் அவசியமானவை. ஆனால் இவற்றில் எதுவும் கதவுச் சாவியை ரத்து செய்யாது. என்.எஃப்.சி.க்கும் புளூடூத்துக்கும் சிம் தேவையில்லை, டவரும் தேவையில்லை. சிம் முடங்கிய போன் உங்கள் அலுவலகக் கதவைத் திறக்கும். சில அமைப்புகளில் திரைப்பூட்டைத் திறக்காமலேயே திறக்கும், ஏனென்றால் வசதிக்காக அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

அதனால் முதல் அழைப்பு அலுவலகத்துக்கு. அந்த எண்ணை போனில் மட்டும் வைத்திருந்தால் எப்படி அழைப்பீர்கள்? ஒரு தாளில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். அதே தாளில் உங்கள் ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் எழுதிக்கொள்ளலாம், *#06# அழுத்தினால் திரையில் வரும். ஐபோன் என்றால் 'ஃபைண்ட் மை' மூலம் தொலைந்ததாகக் குறித்தாலே வாலட்டில் உள்ள அட்டைகள் நிறுத்தப்படும். இருந்தாலும் அலுவலகத்துக்குச் சொல்வதைத் தவிர்க்க வேண்டாம். போன் போனதோடு கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் 1930.

புதுப் போன் வாங்கியதும் பேக்கப்பில் சாவி தானாக வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலான அமைப்புகளில் புதிதாகத்தான் வழங்க வேண்டும். பழைய போனை விற்கும்போதும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும்போதும் இதே கதை: முதலில் ஆப்பில் சாவியை நீக்கி, பிறகு போனை முழுதாக அழித்து, அதன் பிறகு கொடுங்கள். வேலையை விட்டு வரும் கடைசி நாளில் லேப்டாப்பையும் ஐடி கார்டையும் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவீர்கள் அல்லவா? அந்தப் படிவத்தில் 'போன் சாவி ரத்து செய்யப்பட்டது' என்று ஒரு வரி, தேதியும் நேரமும் போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.